எண்பத்தொன்றாம் இலக்கப் பெடியனுக்குப் பொருத்தம் பார்த்தது

லண்டன் மாநகரத்தின் சரித்திரத்தை எழுதிய பெரியவர்கள் டூட்டிங்கில் இருந்த மலர் வீடியோ என்ற கடையை எப்படியோ தவறவிட்டுவிட்டார்கள். அவர்களை மன்னித்துவிடலாம். அப்பர் டூட்டிங் றோட்டில் ஒரு மரக்கறிக் கடைக்கும் ஒரு விமானச் சீட்டுக் கடைக்கும் நடுவே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்ற கடை அது. வேகமாக நடக்கிறவர்கள் கண்ணில் படாது.

முதலாளி குகதாசன். எண்பத்து நாலில் கணக்கியல் படிக்க வந்தவர், கணக்கியல் அவரைப் பிடித்துக்கொள்ளாததால் எண்பத்தேழில் மனைவி சிவமலரின் பெயரில் பாதியை எடுத்துக் கடை திறந்தார். கடையில் மூன்று பொருட்கள் இருந்தன: இந்தியப் படக் கசற்றுகள், முருகன் கலண்டர், ஒரு கொன்வேட்டர்.

இந்தக் கொன்வேட்டரைப் பற்றி எழுந்து நின்றுதான் எழுத வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ பதிந்த கசற்றை இங்கிலாந்து வீடியோ டெக்கில் போட்டால் படம் வராது. மணமகளும் குருக்களும் அக்கினியும் ஒன்றாய்ச் சேர்ந்து கோடு கோடாய் உருண்டு போவார்கள். அப்போதோ ஊரில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் மீதிப் பேர் லண்டனிலும் இருந்தார்கள். அங்கே நடக்கிற கலியாணத்தை இங்கே பார்க்காமல் இருக்க முடியுமா? குகதாசனின் கொன்வேட்டர் அந்தக் கோடுகளைப் பிடித்து மறுபடியும் மணமகளாக்கியது. ஒரேயொரு குறை. மூன்று மணித்தியாலக் கலியாணத்தை மாற்ற மூன்று மணித்தியாலம் எடுக்கும். படம் வழுக்கிப் போகாமல் ஒருவர் பக்கத்திலேயே இருந்து முழுவதையும் பார்த்தாக வேண்டும். ரொறன்ரோக் குருக்கள்மார்கூடப் பார்க்காத அளவு ரொறன்ரோக் கலியாணங்களைக் குகதாசன் ஆதியோடந்தமாகப் பார்த்தவர்.

அந்தக் கசற்றுகளுக்கு முதல் வாடிக்கையாளர் விம்பிள்டன் கமலாம்பிகை. பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. கலியாணம் பேசுவது அவருக்குத் தொழிலல்ல. தொழிலாய் இருந்திருந்தால் ஓய்வு நாள் என்று ஒன்று இருந்திருக்கும். கடையின் பின்னறையில் அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. அதில் இருந்துகொண்டு அவர் மணமக்களைப் பார்க்க மாட்டார். பின்னால் கதிரை தூக்குகிற பெடியனை, பந்தியில் பாயசம் கொண்டு போகிற பெடியனைப் பார்ப்பார்.

"நிப்பாட்டு தம்பி. அந்தப் பச்சைச் சேட்டு ஆர்? வாளியைக் கீழை வச்சிட்டு அந்தக் கிழவருக்குக் கை குடுக்கிறான் பார். கமெரா தன்னைப் பாக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு செய்யிறான். அவன்ரை தாய் தேப்பன் ஆரெண்டு விசாரி."

இப்படிப் பச்சைச் சேட்டுகளும் கட்டம் போட்ட சேட்டுகளும் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி வந்து லண்டனில் மருமக்களானார்கள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கார்த்திகையில் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கதவுக்கு அவர் சற்றுப் பெரிது. தோளைச் சரித்துக்கொண்டு உள்ளே வந்து, பையிலிருந்த கசற்றுகளை மேசையில் கொட்டினார். அவர் பெயர் பீற்றர். அமெரிக்கர். லண்டன் ஹெரன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்துக் கழகத்துக்குப் பயிற்சியாளர். அந்த விளையாட்டைக் காலால் யாரும் விளையாடுவதில்லை என்பதும், ஆனாலும் அதற்கு அதுதான் பெயர் என்பதும், சம்பளத்துக்கு விளையாடும் ஒரு கழகம் லண்டனிலும் இருக்கிறது என்பதும் குகதாசனுக்கு அன்றுதான் தெரியும்.

"கல்லூரிப் பெடியன்கள் விளையாடினது. எங்கள் டெக்கில் எல்லாம் கோடாக வருகிறது," என்றார் பீற்றர். "தமிழர்கள் இதைச் சரியாக்குவார்கள் என்று சொன்னார்கள்."

தமிழினத்தைப் பற்றி ஓர் அந்நியர் இப்படிச் சொல்லிக் கேட்டதில் குகதாசனின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது.

முதல் கசற்றைப் போட்டதும் கொன்வேட்டர் பழுதென்றே நினைத்தார். இருபத்திரண்டு பேர் நிற்கிறார்கள், சட்டென்று முட்டிக்கொள்கிறார்கள், உடனே ஆட்டம் நின்றுவிடுகிறது. மறுபடி கூடிக் கதைக்கிறார்கள். மறுபடி முட்டுகிறார்கள். சீதனப் பேச்சு மாதிரித்தான் கிடக்கு என்று எண்ணிக்கொண்டார். அப்படி எண்ணியதும் ஆட்டம் மெல்ல விளங்கத் தொடங்கியது. நடுவில் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு எறிய இடம் பார்க்கிறார். ஓரத்தில் ஒருவன் நிற்கிறான். அவனுக்கு வைட் றிசீவர் என்று பெயர். ஓடிப் போய், திரும்பி, வருகிற பந்தைப் பிடிப்பதுதான் அவனுடைய உத்தியோகம்.

அந்த ஓரத்தில்தான் எண்பத்தொன்றாம் இலக்கச் சட்டை நின்றது. பெயர் ஓர்வில்.

குகதாசன் அன்றைக்கு எதைப் பார்த்தார் என்பதை அவர் பிறகு பல பேருக்குச் சொல்ல முயன்றார். கையை உயர்த்துவார், பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கிவிடுவார். ஓர்வில் மைதானத்தின் தொங்கலை, அந்தக் கடைசிக் கோட்டை, நோக்கி ஓடுகிறான். பந்து பிழையாக, அவனுக்குப் பின்பக்கமாக வருகிறது. அவன் பார்க்கவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல ஒரு கணம் திரும்புகிறான், ஒரு கை பின்னால் போகிறது. பந்து அந்தக் கையில் வந்து நிற்கிறது. விழுந்து துள்ளி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆள் கதிரையில் இருப்பது போல வந்து இருந்தது. அவன் கால் அதற்குள் இன்னும் நாலு பாகத் தூரம் ஓடிவிட்டது.

குகதாசன் கசற்றைப் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். வெளியே கலியாணக் கசற்றுக்கு வந்த ஒருவர் மணியை அடித்தார். மறுபடி பார்த்தார். மணி அடித்தவர் போய்விட்டார்.

"கடை திறந்துதான் கிடக்கோ?" என்று முன்பக்கத்திலிருந்து சிவமலர் கேட்டார்.

"மலர், இஞ்சை ஒருக்கா வாரும். இந்தப் பெடியனைப் பாரும்."

சிவமலர் வந்து பார்த்தார். "விழுந்திருந்தா முறிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பாஷையில் அது பெரிய பாராட்டு.

பீற்றருக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் தலைக்கு மேலே வேலை. பயிற்சியாளரும் அவரே, பஸ் ஓட்டுகிறவரும் அவரே, இது என்ன விளையாட்டு என்று ஆங்கிலப் பத்திரிகைக்காரருக்கு விளங்கப்படுத்துகிறவரும் அவரே. மாற்றிய கசற்றுகளில் நல்ல நல்ல இடங்களை மட்டும் ஓட்டிப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. கழகத்தில் வைட் றிசீவருக்கு ஓரிடம் காலி. ஒரேயோர் இடம். ஆக, ஓர்வில் விளையாடிய ஆட்டங்களை முதலிலிருந்து கடைசி வரை பார்த்த ஒரே மனிதர் பிரித்தானியாவிலேயே அப்பர் டூட்டிங் றோட்டில் இருந்தார். பீற்றர் ஒரு நாள் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"நீங்கள் எல்லாம் பார்த்தீர்கள். சொல்லுங்கள். இவன் எங்களுக்குப் பொருந்துவானா?"

குகதாசனுக்கு ஓம் என்று வாய் வரை வந்துவிட்டது. இந்தப் பெடியன் லண்டனுக்கு வந்தால் அந்தக் கையையும் அந்தக் காலையும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, இரத்தமும் சதையுமாய், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பார்க்கலாம். தன் வாழ்நாளில் இதைவிடப் பெரிதாய் வேறெதையும் கேட்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் பொருத்தம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு முறை என்று ஒன்று இருக்கிறதே.

"இரண்டு நாள் தாருங்கள்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கமலாம்பிகை தன் கதிரையில் அமர்ந்தார். சிவமலர் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். குகதாசன் கசற்றைப் போட்டார்.

"உதென்ன தம்பி, எல்லாரும் பானையைக் கவிட்டு வச்சிருக்கினம்?"

"அது ஹெல்மெற் அக்கா. தலைக்குப் பாதுகாப்பு."

"முகத்தைப் பாக்காமல் நான் ஒருத்தருக்கும் பொருத்தம் சொன்னதில்லை."

"முதுகிலை எண்பத்தொண்டு எண்டு கிடக்கெல்லோ. அதைப் பாருங்கோ."

"இலக்கத்தைப் பாத்து ஏற, உதென்ன பஸ்ஸோ?"

குகதாசன் தன் பொக்கிஷமான அந்தப் பிடியைப் போட்டுக் காட்டினார். கமலாம்பிகை பார்த்தார். தலையை ஆட்டினார். ஆனால் மனம் அசையவில்லை.

"நல்லாத்தான் பிடிக்கிறான். தாலி கட்டேக்கை எந்த மாப்பிளையும் நல்லவனாத்தான் தெரிவான். பந்து இவனுக்கு வராத நேரம் இருக்குமெல்லோ, அதைப் போடு."

அப்படியொரு நேரத்தைத் தனியாகப் பார்க்கலாம் என்று குகதாசனுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. போட்டார். பந்து இந்தப் பக்கம் வேறொருவனுக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில், திரையின் ஓரத்தில், எண்பத்தொன்று ஓடுகிறது. பந்து வரும் போது எப்படி ஓடினானோ அப்படியே. தொங்கல் வரை போய், திரும்பி, கையை நீட்டி, வெறுங்கையோடு வருகிறான். அடுத்ததும் அவனுக்கில்லை. மறுபடி ஓடுகிறான். அதற்கடுத்ததும் இல்லை. சேற்றில், மழையில், தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசியிலும் ஓடுகிறான்.

கமலாம்பிகை தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஏன் ஓடுறான்?"

"அவன் ஓடினால் எதிர்ப் பக்கத்திலை ரெண்டு பேர் அவனைத் துரத்திக்கொண்டு போவினம் அக்கா. அந்த இடைவெளியிலை இஞ்சாலை மற்றவன் பந்தைக் கொண்டு போயிடுவான்."

"பேர் ஆருக்கு?"

"மற்றவனுக்கு."

"இவனுக்கு?"

"இளைப்பு."

கமலாம்பிகை கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். ரொறன்ரோவின் இத்தனை பந்திகளையும் இத்தனை வாளிகளையும் பார்த்த கண்கள் அவை. "திரும்பப் போடு," என்றார் கமலாம்பிகை, கோயிலில் பேசுகிற குரலில். திரும்பப் போட்டார்கள். மூன்று பேரும் ஒன்றுமே நடக்காத அந்த ஓரத்தை வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள்.

"அப்ப பொருத்தம்தானே அக்கா?" என்று குகதாசன் அவசரப்பட்டார்.

வாசற்படியில் நின்ற சிவமலர் சொன்னார்: "இஞ்சருங்கோ, ஒரு சாதகத்தை மட்டும் வச்சுக்கொண்டோ பொருத்தம் பாக்கிறியள்? இஞ்சை எறியிறவர் ஆர்? அவரைப் போடுங்கோவன்."

குகதாசனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சரியான கேள்வி என்பதால் பிடிக்கவில்லை. ஹெரன்ஸ் ஆடிய பழைய ஆட்டம் ஒன்றின் கசற்று, பீற்றர் விட்டுப் போனது, கடையில் கிடந்தது. போட்டார். லண்டனின் பந்தெறிபவர் அழகான மனிதர், அழகான பல்லு. பக்கத்து வீட்டுக்கு வேலிக்கு மேலால் உப்புக் கொடுப்பது போல எறிந்தார். கிட்டத்தில் நிற்கிறவனுக்கு மெதுவாக, மரியாதையாக. தூரத்துக்கு ஒரு தடவை எறிந்தார். பந்து பாதி வழியில் மனம் மாறியது.

"இவன் அந்தத் தொங்கலிலை போய் நிப்பான்," என்றார் சிவமலர். "அவர் இஞ்சை தன்ரை காலடியிலை போடுவார்."

"எறியிற ஆளை மாத்த ஏலாதோ?" என்று கமலாம்பிகை கேட்டார்.

"கழகத்து முதலாளியின்ரை மருமகன் அக்கா."

"ஓ," என்றார் கமலாம்பிகை. அதற்கு மேல் அந்த விடயத்தில் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப வேண்டாம் தம்பி. பெடியனிலை ஒரு குறையும் இல்லை. அதுதான் ஆபத்து. வேறை ஆளெண்டால் ரெண்டு கிழமை ஓடிப்போட்டு நிண்டிடுவான். இவன் வராத பந்துக்கும் ஓடுறவன். இஞ்சை வந்தானெண்டால் வருசம் முழுக்க அப்பிடியே ஓடிக்கொண்டிருப்பான். பாவமெல்லோ?"

குகதாசன் தலையாட்டினார். தலை சம்மதித்தது. மற்ற அவயவங்கள் ஒன்றும் சம்மதிக்கவில்லை.

இங்கே நமது முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேசி வந்த சம்பந்தம் சரிவராது என்றால் அதை யாரும் இல்லை என்று சொல்வதில்லை. அவ்வளவு முரட்டுத்தனம் நம்மிடம் கிடையாது. புகழ்வோம். நல்ல பெடியன், நல்ல குடும்பம், எங்கே போனாலும் நல்லாயிருப்பான் என்போம். "எங்கே போனாலும்" என்ற இடத்தில் கேட்கிறவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்வார். மாறாக விருப்பம் இருந்தால் குறை சொல்லத் தொடங்குவோம். உயரம் காணாது, தகப்பன் கோபக்காரராமே, என்று. கலியாணம் முற்றாகிவிட்டது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை பீற்றர் வந்தார். குகதாசன் எழுந்து நின்று, தன் ஆங்கிலத்தில் மிகச் சிறந்ததை எடுத்து, முறைப்படி சொன்னார்:

"மிக நல்ல பெடியன். இப்படி ஒருவனை நான் பார்த்ததே இல்லை. ஒரு குறை சொல்ல முடியாது. எங்கே போனாலும் நன்றாக இருப்பான்."

பீற்றர் செருப்பைத் தேடவில்லை. குகதாசனின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அது போதும் எனக்கு! பெப்ரவரியில் அழைத்து ஒரு நாள் ஓட விட்டுப் பார்க்கிறேன்," என்று கதவால் சரிந்து வெளியே போனார்.

குகதாசன் வாயைத் திறந்தார். அதற்கு முருகன் கலண்டர் சாட்சி. திறந்த வாயிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

"என்ன சொன்னனியள்?" என்று சிவமலர் கேட்டார்.

"முறையாத்தான் சொன்னன்."

"மனிசனுக்கு விளங்கினதோ?"

"சிரிச்சுக்கொண்டு போகுது."

"அப்ப விளங்கேல்லை." சிவமலர் மேசையின் மறு மூலையைக் காட்டினார். "போன் அங்கைதான் கிடக்கு."

"நாளைக்கு எடுக்கிறன்."

அந்த நாளை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. போன் பக்கத்தில் இருந்து குகதாசன் கலியாணங்களை மாற்றிக்கொண்டிருந்தார். நானாகவா அழைத்தேன், நான் முறைப்படி சொன்னேன், விளங்காதது அமெரிக்காவின் பிழை என்று தனக்குள் ஒரு வழக்குப் பேசி வென்றுகொண்டே இருந்தார். தை பிறந்ததும் பீற்றர் ஒரு செய்தியோடு வந்தார். ஓர்வில் லண்டனுக்குப் புறப்படுகிறான். அவனுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார் வேலை ஒன்று அவனுக்காகக் காத்திருக்கிறதாம். லண்டன் வேண்டாமென்றால் திரும்பிப் போய் அதை எடுப்பான், வேண்டுமென்றால் விட்டுவிடுவான். அன்றிலிருந்து குகதாசனுக்கு அந்த வழக்கில் தோல்விதான்.

பெப்ரவரியில், தெற்கு லண்டனில் ஒரு மைதானத்தில், தலையில் ஊசி குத்துகிற மழை. பீற்றர் அழைத்திருந்தபடியால் குகதாசன் போனார். சிவமலர் போனார். கமலாம்பிகை சேலைக்கு மேல் கோட்டும், கோட்டுக்கு மேல் குடையுமாகப் போனார். மைதானத்தின் அந்தப் பக்கத்தில் எண்பத்தொன்று இல்லாத வெறும் சட்டையோடு ஓர்வில் நின்றான். பெட்டிக்குள் தெரிந்ததைவிட மெலிந்தவன், வயதிலும் சிறியவன்.

கழகத்து முதலாளியின் மருமகன் எறிந்தார். ஓர்வில் ஓடினான். பந்து எங்கோ பின்னால், புல்லில் விழுந்து இரண்டு தரம் துள்ளிக் கிடந்தது. ஓர்வில் தொங்கல் வரை போய், திரும்பி, கையை நீட்டி, வெறுங்கையோடு வந்தான். மறுபடி. மறுபடி. மருமகன் நல்லவர், முகம் சிவக்கச் சிவக்க எறிந்தார். பந்து போகவில்லை. ஓர்வில் ஒரு தடவையாவது வேகத்தைக் குறைப்பான் என்று குகதாசன் காத்திருந்தார். குறைத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவன் குறைக்கவில்லை. பெட்டிக்குள் கேட்காத ஒன்று இங்கே கேட்டது. நனைந்த நிலத்தில் அந்தக் கால்கள் விழுகிற சத்தம்.

பீற்றரால் பொறுக்க முடியவில்லை. மருமகனிடமிருந்து பந்தை வாங்கி, தொப்பியை எறிந்துவிட்டு, ஐம்பது வயதுத் தோளைச் சுழற்றி, தன் சீவனெல்லாம் சேர்த்து ஒரே ஒரு எறி எறிந்தார்.

பந்து மழைக்குள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கீழே அவன் ஓடிக்கொண்டிருந்தான், மேலே பார்க்காமல். இரண்டும் வேறு வேறு உலகத்துப் பயணங்கள் போலத் தெரிந்தன. பிறகு அவன் திரும்பினான். கை மேலே போனது. சத்தமே இல்லை. பந்து அங்கே இருந்தது.

கமலாம்பிகையின் குடை ஒரு பக்கமாகச் சரிந்து மழை கோட்டில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "பிள்ளையாரே," என்றார். சிவமலர் கணவனின் கையைப் பிடித்தார், தாலி கட்டின நாளுக்குப் பிறகு வெளியிடத்தில் முதல் தடவையாக.

பீற்றர் தோளைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மழையாக, இவர்களிடம் ஓடி வந்தார்.

"பார்த்தீர்களா? நீங்கள் சொன்ன மாதிரியே! இவன் எங்களுக்குப் பொருந்துவான். சொல்லுங்கள், பொருந்துவான்தானே?"

அந்த முகத்தில் குகதாசன் தன் முகத்தையே பார்த்தார். இந்த மனிதருக்கும் எல்லாம் தெரியும். மருமகனின் கையும் தெரியும், இந்தத் தோள் இன்னொரு தரம் எறியாது என்பதும் தெரியும். யாராவது ஓம் என்று சொன்னால் போதும் என்று நிற்கிறார். சொன்னால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை.

"இல்லை," என்றார் குகதாசன்.

ஒரு புகழ்ச்சியும் முன்னால் வைக்காமல், ஒரு குடும்பத்தையும் விசாரிக்காமல், வெறும் இல்லை. அப்படிச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லாததால் அது தேவைக்கு மேலே சத்தமாக வந்தது.

"போன தடவை நல்ல பெடியன் என்றீர்களே?"

"நாங்கள் இல்லை என்று சொல்கிற முறை அது."

பீற்றர் அவரை வெறித்துப் பார்த்தார். "அப்படியானால் ஓம் என்பதை எப்படிச் சொல்வீர்கள்?"

"குறை சொல்லத் தொடங்குவோம்."

"இவனில் என்ன குறை?"

"ஒன்றும் இல்லை," என்றார் குகதாசன். "அனுப்பிவிடுங்கள். பள்ளிக்கூடத்து வேலையை எடுக்கட்டும். இங்கே வைத்திருந்தால் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அவன் ஓடிக்கொண்டிருப்பான்."

பீற்றர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். பிறகு தலையை ஒரு தரம் ஆட்டினார். விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதவில்லை.

ஏனென்றால் இந்தப் பேச்சு எதுவும் காதில் விழாத அந்தத் தூரத்தில், ஓர்வில் பந்தை மருமகனுக்கு உருட்டிவிட்டு, மறுபடி கோட்டில் போய் நின்றிருந்தான். மருமகன் பந்தைக் கையில் எடுக்கவே இல்லை. ஓர்வில் புறப்பட்டுவிட்டான். கமலாம்பிகை குடையை மடக்கினார். நால்வரும் மழையில் நின்று பார்த்தார்கள்.

"ஊதாதேங்கோ," என்று சிவமலர் பீற்றருக்குத் தமிழிலேயே சொன்னார். "அவன் போயிட்டு வரட்டும்."